210 ரூபாய் யாருக்குப் போனது? ஒரு டாஸ் செயலியுடன் ஆறு ஆண்டுகள்

2019-இல் ஒரு ரயில் பயணத்துக்கு முந்தைய இரவு அந்தச் செயலியை 210 ரூபாய் கொடுத்து வாங்கினேன். விண்டோஸுக்கு முன் கணினிகளில் இருந்த இயங்குதளம் டாஸ். அதற்கு எழுதிய பழைய ஆட்டங்களை ஆண்ட்ராய்டு கைபேசியில் ஓட்டித் தரும் செயலி அது. பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒருவர் தனியாக நடத்தும் கடை போலத்தான் தெரிந்தது. பெயர் சொல்லிச் சந்தியில் நிறுத்த மனமில்லை.

குறை சொல்வதற்கு முன் நிறையைச் சொல்லிவிடுகிறேன். திரையில் வரும் பொத்தான்களை வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம், பெரிதாக்கலாம், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனியாகச் சேமிக்கலாம். 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' ஆடியவர்களுக்கு இதன் அருமை புரியும். சுவர் விளிம்பைப் பற்றித் தொங்குவதற்கு ஷிஃப்ட் விசையை விடாமல் அழுத்தியிருக்க வேண்டும். அந்தப் பொத்தானை இடது பெருவிரலுக்கு வாகாக வைத்த பிறகுதான் என் இளவரசன் பள்ளத்தில் விழாமல் பிழைத்தான். பிராசஸரின் வேகத்தையே கடிகாரமாக நம்பி எழுதிய ஆட்டங்கள் இன்றைய கருவியில் பேய் பிடித்ததுபோல் ஓடும். அவற்றை அடக்க வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் இருந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வந்த கனமான ஆட்டங்களில் கைபேசி தோசைக்கல்லாகச் சுட்டது. அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

மனக்கசப்பு வந்தது புதுக் கைபேசிக்கு மாறியபோது. ஆண்ட்ராய்டு 11 முதல் செயலிகள் நினைத்த கோப்புறைக்குள் எல்லாம் நுழைய முடியாதபடி கட்டுப்பாடு வந்துவிட்டது. செயலி என் பழைய கோப்புறையைக் கண்டுகொள்ளவே இல்லை. பாதிவரை முடித்து வைத்திருந்த ஒரு சாகச ஆட்டம் போயே போய்விட்டது. மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. திருத்தப்பட்ட பதிப்பு வர எட்டு மாதம் ஆயிற்று.

அந்த எரிச்சலில்தான் செயலியின் விவரப் பக்கத்தை முதன்முறையாக முழுவதும் படித்தேன். அடியில், எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில், 'டாஸ்பாக்ஸ்' என்ற பெயர் இருந்தது. நான் காசு கொடுத்து வாங்கிய பொருளின் உயிர்நாடி, தன்னார்வலர்கள் 2002 முதல் இலவசமாகக் கொடுத்துவரும் எமுலேட்டர், அதாவது ஒரு கருவியை இன்னொன்றில் போலச்செய்யும் மென்பொருள். பழைய பிராசஸர், சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டை, விஜிஏ திரை எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவது அதுதான். என் 210 ரூபாயில் அவர்களுக்கு ஒரு பைசாவும் போகவில்லை.

இதைத் திருட்டு என்று சொல்லிவிட முடியாது. டாஸ்பாக்ஸ் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வருகிறது. அந்த உரிமமே விற்பதை அனுமதிக்கிறது. அதன் நிபந்தனை வேறு: வாங்கியவருக்கு மூலநிரல் (மென்பொருளை எழுதிய நிரல் வரிகள்) கிடைக்க வேண்டும், அதை மாற்றவும் பிறருக்குக் கொடுக்கவும் அவருக்கு உரிமை இருக்க வேண்டும். கட்டற்ற மென்பொருள் என்ற சொல்லில் உள்ள 'கட்டு' விலையைக் குறிப்பதன்று. எமுலேட்டரைக் காசுக்கு விற்பதும் புதிதல்ல. சோனியின் பிளேஸ்டேஷன் ஆட்டங்களை மெக்கின்டோஷ் கணினியில் ஓட்டும் மென்பொருளைக் கனெக்டிக்ஸ் நிறுவனம் 1999-இல் விற்றது. சோனி வழக்குத் தொடுத்தது. 2000-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் நின்றது. அடுத்த ஆண்டே சோனி அந்த மென்பொருளை விலைக்கு வாங்கி ஊற்றி மூடியது தனிக்கதை.

ஆகவே நான் விலையைப் பற்றிச் சண்டை போடவில்லை; மூலநிரலைக் கேட்டேன். இரண்டாவது மின்னஞ்சலுக்குப் பிறகு, மூன்று வாரம் கழித்து, ஒரு சுருக்கக் கோப்பு வந்தது. என் கையில் இருந்த பதிப்புக்கு இரண்டு பதிப்பு பழையது. இதே பிழைப்பு பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. 2008-இல் நின்டெண்டோவின் வீ ஆட்டக் கருவிக்கு வந்த சில குழந்தை ஆட்டங்களுக்குள், பழைய சாகச ஆட்டங்களை ஓட்டும் கட்டற்ற மென்பொருளான ஸ்கம்விஎம் இருந்தது, எழுதியவர்களின் பெயர் மட்டும் இல்லை. தகராறு சமரசத்தில் முடிந்தது.

பொத்தான் வைப்பது அற்ப வேலை என்று நான் நினைக்கவில்லை. விசைப்பலகை இல்லாத கைபேசியில் வெறும் டாஸ்பாக்ஸை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. தேன் எடுத்தவன் புறங்கையை நக்கட்டும். கூடு யாருடையது என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் உறுத்துகிறது.

இதைப் பேசும் யோக்கியதை எனக்கு உண்டா என்பது வேறு கேள்வி. தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் சென்டரில் நாங்கள் ஆடியதெல்லாம் பிளாப்பியில் நகலெடுத்த திருட்டுப் பிரதிகள். பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் முதல் கட்டம் முடிந்ததும் ஓர் அறை வரும். கையேட்டின் இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன சொல், அதன் முதல் எழுத்து எதுவோ அந்த எழுத்துள்ள குடுவையைக் குடிக்க வேண்டும். கையேடு எங்களிடம் ஏது? செத்துச் செத்துக் கண்டுபிடித்த எழுத்துகளை ஒருவன் நோட்டில் எழுதி வைத்திருந்தான். அந்த நோட்டுக்கு இருந்த மரியாதை பாடப்புத்தகத்துக்கு இல்லை.

இன்று அந்த ஆட்டத்துக்குக் காசு கொடுத்துப் பாவத்தைக் கழுவலாம் என்று தேடினேன். நான் தேடிய கடைகளில் 1989-இன் அந்த மூல ஆட்டம் விற்பனைக்கு இல்லை. அதை எழுதிய ஜோர்டன் மெக்னர் அதன் ஆப்பிள் 2 கணினிக்கான மூலநிரலை 2012-இல் எல்லோரும் பார்க்க வெளியிட்டுவிட்டார். பழைய வட்டுகளை எடுத்துக் கொடுத்தது அவருடைய அப்பா. மற்ற சில பழைய ஆட்டங்களை ஜிஓஜி என்ற இணையக் கடையில் வாங்கினேன். பலவற்றில் டாஸ்பாக்ஸையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். உரிமையாளருக்கும் பங்கு போகிறது. அந்த உரிமையாளர் பெரும்பாலும் ஆட்டத்தை எழுதியவர் அல்ல, பின்னாளில் உரிமையை வாங்கிய நிறுவனம் என்பதையும் மறக்க முடியவில்லை.

இப்போது சாகச ஆட்டங்களுக்கு ஸ்கம்விஎம் போதும்; இலவசம், கைபேசியிலும் நன்றாக ஓடுகிறது. 1994-இல் வந்த 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை'யை அதைச் செய்த நிறுவனமே 2003-இல் இலவசமாக்கியதால் அதில் மனசாட்சிக்கும் வேலை இல்லை. ஸ்கம்விஎம் திட்டத்துக்குக் கொஞ்சம் நன்கொடை அனுப்பினேன். பழைய செயலி பழைய கைபேசியில் இருக்கிறது. இளவரசனுக்காக மட்டும் திறக்கிறேன்.

புதிதாக வாங்க நினைப்பவர்கள் விவரப் பக்கத்தில் இரண்டைப் பாருங்கள்: உள்ளே ஓடும் எமுலேட்டரின் பெயர், மூலநிரலுக்கான இணைப்பு. போன மாதம் ஒரு செயலியில் இரண்டுமே இல்லை. வாங்காமல் விட்டேன். பொத்தான்கள் என்னவோ மிக அழகாக இருந்தன.