சீன ஐந்து மசாலாப் பொடி: பல வருடங்கள் சமைத்துப் பார்த்ததில்

சிங்கப்பூர் வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் சீன ஃபைவ் ஸ்பைஸ் பொடி இல்லாத நாளே இல்லை. அன்னாசிப்பூ, சீனப் பட்டை, கிராம்பு, சோம்பு, சிச்சுவான் மிளகு என்பதுதான் வழக்கமான சேர்க்கை. முதல் நான்கும் நம் பிரியாணிக்குப் போகிறவைதானே, கரம் மசாலாவுக்குப் பதில் இதையே போடலாமே என்று தோன்றும். போட்டால் குழம்பில் இனிப்பு வாசம் தூக்கலாக அடிக்கும். அன்னாசிப்பூ, சோம்பு இரண்டிலுமே அனெத்தோல் என்ற இனிப்பு மணப்பொருள் இருப்பதுதான் காரணம்.

சோயா சாஸ், சர்க்கரை, கொழுப்புள்ள இறைச்சி, இவற்றோடு சேரும்போதுதான் இந்தப் பொடி தன் வேலையைக் காட்டும். கான்டனீஸ் வாத்து ரோஸ்ட்டிலும், தோல் மொறுமொறுக்கும் பன்றி இறைச்சியிலும் இது ஊறிப்போயிருக்கும். இங்கே ஹாக்கர் உணவுக் கடைகளில் கிடைக்கும் ங்கோ ஹியாங் என்ற இறைச்சி உருளைகளிலும் இதே வாசம்தான். நான் அதிகம் செய்வது சோயா முட்டை. அவித்து உரித்த ஆறு முட்டை, சோயா சாஸ், சர்க்கரை, தட்டிய இஞ்சி, பூண்டு, தண்ணீர், கால் டீஸ்பூன் பொடி. சிறு தீயில் அரை மணி நேரம் கொதித்ததும் ஆறவைத்து, சாற்றோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். மறுநாள் சோற்றுக்கு அது போதும். கோழித் தொடை என்றால் அரைக் கிலோவுக்கு அரை டீஸ்பூன், அதற்கு மேல் போனால் மருந்து வாடை.

மீனுக்கு எனக்குப் பிடிக்கவில்லை. கீரைக்கு வேண்டவே வேண்டாம். இறக்கும்போது மேலே தூவுவதும் சரிவராது, பச்சை வாசனை நிற்கும். பொடியை உப்போடு வறுத்து, பொரித்த கோழிக்குத் தொட்டுக்கொள்வது மட்டும் விதிவிலக்கு.

பாக்கெட் பொடியில் என் குறை, சிச்சுவான் மிளகின் மரமரப்பு நாக்கில் தெரிவதே இல்லை. அந்த வாசம்தான் முதலில் பறந்துபோகிறது. ஒருமுறை வாங்கியதில் பட்டை வாசனையைத் தவிர வேறொன்றும் இல்லை. அப்புறம் வீட்டிலேயே அரைக்க ஆரம்பித்தேன். சிச்சுவான் மிளகு நம் மிளகு இனம் அல்ல, எலுமிச்சைக் குடும்பம். மணம் தோலில்தான், உள்ளே இருக்கும் கறுப்பு விதை மணல்போல் கடிபடும், பொறுக்கிவிட வேண்டும். ஐந்தையும் லேசாக வறுத்து அரைத்து, கட்டாயம் சலிக்கவும், அன்னாசிப்பூ எளிதில் நைசாகாது. மிக்ஸி ஜாரில் வாசம் லேசில் போகாது. பச்சரிசி போட்டு அரைத்துக் கொட்டினாலும் அடுத்த தேங்காய்ச் சட்னியில் எட்டிப்பார்க்கும். இதற்கென்றே ஒரு பழைய சின்ன ஜாரை ஒதுக்கிவிட்டேன்.