கடைசிப் புள்ளியை எடுத்துவிட்ட எடிட்டிங் சேவை: என் அனுபவம்

நான் நேம் சர்வர்களை, அதாவது தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர்களைப் பராமரிப்பவன். எழுத்து என் தொழில் இல்லை. எங்கள் டிஎன்எஸ் சர்வர்களை எப்படி இறுக்கிப் பூட்டுவது என்று ஒரு வழிகாட்டி எழுதச் சொன்னார்கள். இரவுப் பணியில் இருக்கும் புதியவர்களும் படித்துப் படித்து அப்படியே செய்யும்படி, தமிழில் எழுதினேன். 34 பக்கம் வந்தது. நானே நாலு முறை படித்துப் பார்த்தேன். பிழை எதுவும் கண்ணில் படவில்லை. எழுதியவன் கண்ணுக்கு எங்கே படும்? அதனால் தொழில்நுட்ப ஆவணங்களையும் திருத்தித் தருவோம் என்று சொல்லும் ஒரு காப்பி எடிட்டிங் சேவையிடம் கொடுத்தேன். குறையும் சொல்லப் போவதால் அவர்கள் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில் ஒரு நல்ல விஷயம். பாதுகாப்பு வழிகாட்டியை வெளியாளிடம் கொடுப்பது என்பது வீட்டுப் பூட்டின் அமைப்பை வரைந்து ஊரார் மேசையில் வைப்பது மாதிரி. நான் கேட்பதற்கு முன்பே ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை அனுப்பினார்கள். கோப்பை மின்னஞ்சலில் இணைக்க வேண்டாம், ஏழு நாளில் காலாவதியாகும் இணைப்பில் ஏற்றுங்கள் என்றும் சொன்னார்கள். நானும் என் பங்குக்கு உண்மையான முகவரிகளை எல்லாம் எடுத்துவிட்டு, இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் வரும் ஆர்எஃப்சி 5737 எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கிவைத்த 192.0.2.0/24, 198.51.100.0/24 வகை முகவரிகளைப் போட்டு அனுப்பினேன். டொமைன் பெயர் எல்லா இடத்திலும் எக்ஸாம்பிள்.காம்.

பதினோரு நாளில் கோப்பு திரும்பி வந்தது. திறந்ததும் வயிற்றைக் கலக்கியது.

ஒரு டொமைனின் பெயர், முகவரி விவரங்களை வைத்திருக்கும் ஜோன் ஃபைலில் முழுப் பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வரும் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்தப் புள்ளி இல்லையென்றால் சர்வர் அதை அரைகுறைப் பெயராக எடுத்துக்கொண்டு பின்னால் டொமைனை ஒட்டிவிடும். 'டபிள்யூ1.எக்ஸாம்பிள்.காம்.' என்று எழுத வேண்டியதை புள்ளி இல்லாமல் எழுதினால் 'டபிள்யூ1.எக்ஸாம்பிள்.காம்.எக்ஸாம்பிள்.காம்' ஆகிவிடும். எடிட்டர் அந்தப் புள்ளிகளையெல்லாம் வாக்கியம் முடியாத இடத்தில் வந்த முற்றுப்புள்ளி என்று நினைத்து, ஒன்று விடாமல் எடுத்திருந்தார். அதோடு நிற்கவில்லை. ஜோன் ஃபைலின் பதிப்பைக் குறிக்கும் 2024031502 என்ற சீரியல் எண்ணுக்கு நடுவே காற்புள்ளிகள் போட்டு அழகுபடுத்தியிருந்தார். ஒரு பதிலை எத்தனை வினாடி நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல் 86400-இலிருந்து 86,400 ஆகியிருந்தது. நேர் மேற்கோள்கள் எல்லாம் வளைந்த மேற்கோள்கள் ஆகிவிட்டன. புத்தகத்தில் பார்க்க லட்சணமாக இருக்கும், டிஎன்எஸ் சர்வர் மென்பொருளான பைண்டுக்கு அது மேற்கோளே இல்லை. எண்ணுக்குள் வந்த காற்புள்ளிகளை நேம்ட்-செக்ஜோன் என்ற சோதனைக் கருவி உடனே பிடித்துவிடும், அதனால் பெரிய கவலை இல்லை. ஆனால் ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் சி-நேம் வரியில் புள்ளி விட்டுப்போனால் அது இலக்கணப்படி சரியான வரிதான். சோதனையைத் தாண்டிப் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் தெரியவரும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கேட்டவருக்காக மற்ற சர்வர்களிடம் போய்ப் பதிலைத் தேடித் தருவதற்கு ரிகர்ஷன் என்று பெயர். அந்தச் சொல்லைத் தமிழாக்குகிறேன் என்று 'மறுசுழற்சி' என்று மாற்றியிருந்தார். 'வெளியாருக்கு மறுசுழற்சியை அணைக்கவும்' என்று படித்தபோது கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. குப்பை வண்டி வராது போல.

கோபமாக ஒரு பதில் எழுதி வைத்திருந்தேன். அனுப்பும் முன் ஓரக்குறிப்புகளைப் படித்தேன். நல்ல வேளை, அனுப்பவில்லை.

ஆறாம் பக்கத்தில் ஒரு குறிப்பு: 'இங்கே ரிகர்ஷனை முழுவதும் அணைக்கச் சொல்கிறீர்கள். பதினோராம் பக்கத்தில் உள் வலையமைப்புக்கு மட்டும் திறந்து வைக்கச் சொல்கிறீர்கள். இரண்டும் ஒரே சர்வரா?' இல்லை. ஆறாம் பக்கம் எங்கள் டொமைனுக்குப் பதில் சொல்லும் அதிகாரபூர்வ சர்வர். பதினோராம் பக்கம் ஊழியர்களுக்காகத் தேடித் தரும் ரிஸால்வர். என் மனதில் இரண்டும் வேறு வேறு. காகிதத்தில் இரண்டுக்கும் 'டிஎன்எஸ் சர்வர்' என்றே எழுதியிருந்தேன். ஒரு புதியவர் ஆறாம் பக்கத்தை ரிஸால்வரில் செய்து பார்த்திருந்தால் அலுவலகம் முழுவதும் ஓர் இணையதளமும் திறந்திருக்காது. டிஎன்எஸ் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர் கேட்ட கேள்வி இது. தெரிந்தவர்கள் மூன்று பேர் படித்திருந்தோம், யாருக்கும் தோன்றவில்லை.

இதன் மறுபக்கமும் இருந்தது. ஒரே சர்வரை ஓர் இடத்தில் மாஸ்டர், ஓர் இடத்தில் பிரைமரி, இன்னோர் இடத்தில் முதன்மை என்று எழுதியிருந்தேன். பள்ளியில் கட்டுரை எழுதும்போது சொன்ன சொல்லையே திரும்பச் சொல்லாதே என்று பழக்கியதன் விளைவு. 'மூன்றும் ஒன்றா?' என்று ஒரே வரியில் கேட்டிருந்தார்.

அடுத்தது 'மட்டும்'. ஜோன் ஃபைலின் விவரங்களை மொத்தமாக நகல் வைத்திருக்கும் இரண்டாம் நிலை சர்வருக்கு அனுப்புவதுதான் ஜோன் டிரான்ஸ்ஃபர். 'இரண்டாம் நிலை சர்வருக்கு ஜோன் டிரான்ஸ்ஃபர் மட்டும் அனுமதிக்க வேண்டும்' என்று எழுதியிருந்தேன். நான் சொல்ல வந்தது 'இரண்டாம் நிலை சர்வருக்கு மட்டும் ஜோன் டிரான்ஸ்ஃபர் அனுமதிக்க வேண்டும்' என்பது. ஒரு சொல் ஒரு இடம் தள்ளிப் போனதில் விதியே மாறிவிட்டது. என் வாக்கியத்தின்படி இரண்டாம் நிலை சர்வருக்குத்தான் கட்டுப்பாடு. ஊரில் உள்ள மற்றவர்கள் மொத்த ஜோனையும் அள்ளிக்கொண்டு போவதை அது தடுக்கவே இல்லை.

இவற்றையெல்லாம்விடப் பெரிய உதவி 'வேண்டாம்' பற்றிய குறிப்பு. திறந்த ரிகர்ஷன் ஏன் ஆபத்து என்றால், போலி முகவரியிலிருந்து ஒரு சின்னக் கேள்வியை அனுப்பி, பெரிய பதிலை வேறொருவர் தலையில் கொட்ட வைக்கலாம். அதைப் பற்றிய பத்தியில் 'அனுமதிக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தேன். அவர் கேட்டார்: இது கட்டளையா, ஆலோசனையா, தேவையில்லை என்ற பொருளா? தமிழில் 'வேண்டாம்' மூன்றுக்கும் வளைந்து கொடுக்கும். ஆங்கில ஆவணங்களில் இதற்காகவே 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2119, மஸ்ட், ஷுட், மே என்ற சொற்களுக்கு எடை வகுத்து வைத்திருக்கிறது. அதைத் தினமும் படிக்கிற நான் தமிழில் எழுதும்போது மறந்துவிட்டேன். அவர் முதல் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி போட்டார்: 'வேண்டும்', 'கூடாது' என்றால் விதி, 'நல்லது' என்றால் தகுந்த காரணம் இருந்தால் விலகலாம், 'செய்யலாம்' என்றால் அவரவர் விருப்பம். பிறகு 34 பக்கத்திலும் 'வேண்டாம்' என்ற சொல்லே இல்லாமல் செய்துவிட்டார்.

எண்களிலும் கண் கூர்மைதான். அனுமதிப் பட்டியலில் 192.0.2.53 என்றும் சோதனைப் பகுதியில் 192.0.2.35 என்றும் இருந்ததைப் பிடித்தார். ஒரே பொதியில் வரும் டிஎன்எஸ் பதிலுக்கு உச்ச வரம்பு வைக்கும் இடிஎன்எஸ் அளவு ஓர் இடத்தில் 4096 பைட், இன்னோர் இடத்தில் 1232. எது சரி என்று கேட்டார். 1232தான், டிஎன்எஸ் மென்பொருள், சேவை தருபவர்கள் சேர்ந்து நடத்திய 2020-இன் டிஎன்எஸ் ஃபிளாக் டே பரிந்துரைத்த அளவு அது. ஐபிவி6-இல் எந்த இணைப்பும் குறைந்தது தாங்கியாக வேண்டிய பொதி அளவான 1280-இல் தலைப்புகளுக்கு 48 போனால் மிஞ்சுவது. பழைய குறிப்பிலிருந்து ஒட்டியதில் 4096 தங்கிவிட்டது.

சரி, இரண்டாம் சுற்று. கட்டளைகளும் கோப்பு வரிகளும் இருந்த இடங்களையெல்லாம் சாம்பல் நிறப் பெட்டிக்குள் போட்டு, உள்ளே தொடக் கூடாது, சந்தேகம் இருந்தால் ஓரத்தில் கேளுங்கள் என்று எழுதி அனுப்பினேன். ரிகர்ஷனை ரிகர்ஷனாகவே விடச் சொன்னேன். ஐந்தே நாளில் வந்தது. பெட்டிக்குள் ஒரு புள்ளிகூட அசையவில்லை. மன்னிப்புக் கடிதமும் நீட்டி முழக்காமல் நாலு வரியில் இருந்தது. இந்த வசதியை முதலிலேயே அவர்கள் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். தொழில்நுட்ப ஆவணம் திருத்துவோம் என்று சொல்பவர்களுக்கு அது அரிச்சுவடி.

ஒரு எச்சரிக்கை. இவர்கள் மொழியைத்தான் பார்ப்பார்கள், தொழில்நுட்பத்தை அல்ல. கேட்ட பெயர் இல்லை என்று நிரூபிக்க உதவும் என்எஸ்இசி3 பற்றிய பகுதியில் இட்டரேஷன், அதாவது கூடுதல் ஹாஷ் சுற்றுகள், 10 என்று எழுதியிருந்தேன். 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9276 அதை 0 என்று வைக்கச் சொல்கிறது. வழிகாட்டி முழுவதும் 10 என்றே இருந்ததால் எடிட்டருக்கு முரண்பாடு தெரிய வழியில்லை. கூட வேலை செய்பவர் ஒருவர்தான் பிடித்தார். ஆகவே தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு அப்புறம் இவர்களிடம் கொடுங்கள்.

கட்டணம் சொல் கணக்கில். சாம்பல் பெட்டிக்குள் இருந்ததையும் சேர்த்து எண்ணியிருந்தார்கள். தொடாத வரிக்கு ஏன் காசு என்று கேட்டேன், மறுபேச்சில்லாமல் கழித்துக்கொண்டார்கள். ஐந்துக்கு நான்கு தருவேன். முதல் சுற்றோடு நின்றிருந்தால் இரண்டு. டிஎன்எஸ் பதில்களுக்குக் கையொப்பமிடும் டிஎன்எஸ்செக் சாவியை மாற்றுவது பற்றி இன்னொரு 12 பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்கும் அதே எடிட்டர்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.