வேர்ல்ட் டைரக்டரி ஆஃப் மெடிக்கல் ஸ்கூல்ஸ்: முன்பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டிய இணையதளம்

வெளிநாட்டில் மருத்துவம் படிக்க முடிவெடுத்தவர்கள் விசா, விடுதி, விமானச் சீட்டு என்று அடுத்தடுத்த ஏற்பாடுகளில் இறங்குவதற்கு முன்பு, பொறுமையாக உட்கார்ந்து பார்க்க வேண்டிய இணையதளம் ‘வேர்ல்ட் டைரக்டரி ஆஃப் மெடிக்கல் ஸ்கூல்ஸ்’. உலகெங்கும் உள்ள 3,000க்கும் மேற்பட்ட மருத்துவக் கல்லூரிகளின் விவரங்களை யாரும் கட்டணமின்றி இதில் தேடிப் பார்க்கலாம். உறவுக்காரப் பெண் ஒருத்தியின் சேர்க்கைக்காக இதை ஆழமாகப் பயன்படுத்திய அனுபவத்தில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 1953 முதல் புத்தகமாக வெளியிட்டு வந்த பட்டியலின் வழிவந்தது இது. உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பும், சர்வதேச மருத்துவக் கல்வி ஆய்வில் ஈடுபடும் அமெரிக்காவின் ஃபெய்மர் நிறுவனமும் தனித்தனியே வைத்திருந்த தொகுப்புகளை 2014இல் ஒன்றிணைத்து இன்றைய வடிவத்தைக் கொடுத்தன.

தளத்தின் பெரிய பலம் பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்பது. பெயர் மாறிய கல்லூரிகளும், ஒரே நாட்டில் ஏறத்தாழ ஒரே பெயரில் இயங்கும் கல்லூரிகளும் ஏராளம். இங்கே ஒவ்வொரு கல்லூரிக்கும் தனி அடையாள எண் உண்டு. பழைய பெயர்களும் தரப்பட்டுள்ளன. சேர்க்கைக் கடிதத்தில் உள்ள பெயரையும் முகவரியையும் இந்தப் பதிவோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

ஆனால், பட்டியலில் ஒரு கல்லூரி இடம்பெற்றிருப்பதை அதற்குக் கிடைத்த அங்கீகாரமாகக் கொள்ளக் கூடாது. தளமே இதைத் தெளிவாகச் சொல்லியிருந்தும், ‘டைரக்டரியில் இருக்கிறது, ஆகவே உலகம் முழுவதும் செல்லும்’ என்று ஏஜென்டுகள் சொல்வதைக் கேட்டு நம்புகிற பெற்றோர்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பு எந்தக் கல்லூரிக்கும் நேரடியாக அங்கீகாரம் கொடுப்பதில்லை. கல்லூரிகளை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் அமைப்புகளின் தரத்தையே அது ஆராய்ந்து ஏற்கிறது.

எனவே கல்லூரியின் பொது விவரங்களோடு நிறுத்திக்கொள்ளாமல், தளத்தின் ஆதரவு அமைப்புகள் தரும் குறிப்புகள் அடங்கிய ‘ஸ்பான்சர் நோட்ஸ்’ என்ற பகுதியைத் திறந்து படிக்க வேண்டும். என் பார்வையில் தளத்தின் உயிரே அதுதான். அதைத் தனித் தாவலில் ஒதுக்கி வைத்திருப்பது வடிவமைப்பின் பெருங்குறை. அமெரிக்காவில் பயிற்சி பெற விரும்பும் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்குச் சான்றளிக்கும் இசிஎஃப்எம்ஜி அமைப்பு, எந்தக் கல்லூரியில் எந்த ஆண்டு முதல் பட்டம் பெற்றவர்களை ஏற்கிறது என்பது அங்கேதான் குறிக்கப்பட்டிருக்கும். அந்தக் குறிப்பு இல்லாத கல்லூரியில் படிப்பவர் அமெரிக்க மருத்துவ உரிமத்துக்கான யுஎஸ்எம்எல்இ தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியாது. கனடாவுக்கான குறிப்பும் அதே பகுதியில் தனியாக வரும். கல்லூரியின் பெயரோடு பட்டம் பெறும் ஆண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

தளம் சொல்லாதவையும் உண்டு. பயிற்றுமொழி ஆங்கிலம் என்று பதிவு இருக்கலாம். ஆனால் மருத்துவமனைப் பயிற்சி தொடங்கியதும் நோயாளி பேசுவது அந்த ஊர் மொழியாகத்தான் இருக்கும். நோயாளியின் வாயிலிருந்து நோய் வரலாற்றைக் கேட்டு எழுதத் தெரியாமல் நோயைக் கண்டறியும் பயிற்சி பெற முடியாது என்பதால், அந்த மொழியைக் கல்லூரி எந்த ஆண்டில், எத்தனை மணி நேரம் கற்றுக்கொடுக்கிறது என்று நேரடியாக எழுதிக் கேட்க வேண்டும். பயிற்சி எந்த நாட்டில் நடக்கும் என்பதையும் கேட்க வேண்டும்: கரீபியத் தீவுகளில் உள்ள சில கல்லூரிகளில் தொடக்க ஆண்டுகளின் அடிப்படைப் பாடங்கள் தீவிலும், மருத்துவமனைப் பயிற்சி அமெரிக்காவிலும் நடக்கின்றன. இதனால் மாணவர் இரண்டாம் முறையும் விசா, உறைவிடம் தேட வேண்டியிருக்கும்.

தேர்ச்சி விகிதம், ஆசிரியர்களின் தரம், உடற்கூறியல் கூடத்தின் நிலை ஆகியவற்றை இங்கே தேடிப் பயனில்லை. படித்து முடித்துத் தாய்நாட்டுக்குத் திரும்பித் தொழில் செய்ய முடியுமா என்ற கேள்விக்கும் அந்தந்த நாட்டு மருத்துவக் கவுன்சிலின் விதிகளில்தான் பதில் இருக்கிறது. அவை மாறக்கூடியவை என்பதால், சேரும் ஆண்டில் நடைமுறையில் உள்ள விதியை அச்செடுத்து வைத்துக்கொள்வது நல்லது. கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்த விரும்புகிறவர்களுக்கு இந்தத் தளம் உதவாது. சேரக் கூடாத கல்லூரிகளை விலக்க விரும்புகிறவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.