லண்டன்–சிட்னி: எந்த வழியாகப் போவது?

உலக உருண்டையில் லண்டனுக்கும் சிட்னிக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் ஏறத்தாழ 17,000 கி.மீ. வரும். அந்த நூல் ரஷ்யா, சீனா மேலாகப் போகும். ஆனால் ரஷ்ய வான்வெளி 2022 முதல் பிரிட்டிஷ் விமானங்களுக்கு மூடிக்கிடக்கிறது. ஆஸ்திரேலிய விமான நிறுவனமான க்வாண்டாஸ் 2019-இல் சோதனையாக எங்கும் இறங்காமல் 19 மணி 19 நிமிடத்தில் பறந்து காட்டியது. பெரிய கூட்டத்தோடும் சரக்கோடும் போவது வேறு கதை. ஆக, வழக்கமான பயணி எங்கேயாவது ஓரிடத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

சிங்கப்பூர் வழி சுமார் 17,200 கி.மீ., துபாய் வழி 17,500, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் வழி 17,800. மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் 600 கி.மீ.தான், பறக்கும் நேரத்தில் முக்கால் மணிகூட இல்லை. தூரத்தைப் பார்த்து டிக்கெட் எடுப்பதில் அர்த்தமே இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் வழி மட்டும் 20,800-ஐத் தொடுகிறது. போதாக்குறைக்கு, விமானம் மாறுவதற்கே அமெரிக்கக் குடிநுழைவு வரிசையில் நிற்க வேண்டும். அதை விட்டுவிடலாம்.

பயணத்தை எங்கே வெட்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. துபாய் என்றால் முதலில் ஏழு மணி நேரம், பிறகு பதினான்கு. முதல் பாதியில் சாப்பாடு, ஒரு படம், அரைத் தூக்கம், அதற்குள் எழுப்பிவிடுவார்கள். சிங்கப்பூர் இதற்கு நேர் எதிர்: முதலில் பதின்மூன்று மணி நேரம், பிறகு எட்டுக்குள். இரவில் கிளம்பினால் முழுத் தூக்கம் முதல் விமானத்திலேயே முடிந்துவிடும். என் ஓட்டு இதற்குத்தான். ஒரே ஒரு தொந்தரவு: சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் முதல் மூன்று முனையங்களில் பாதுகாப்புச் சோதனை விமானம் ஏறும் வாயிலில்தான் நடக்கும். அதனால் காத்திருக்கும்போது நிரப்பிய தண்ணீர் பாட்டிலை அங்கே காலி செய்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும்.

பெர்த் வழியில் முதல் தாண்டலே கிட்டத்தட்ட 17 மணி நேரம். நடு இருக்கை கிடைத்தால் சோதனைதான். அப்புறம் உள்நாட்டு விமானத்துக்கு மாறுகிறவர்கள் குடிநுழைவு, சுங்கம் எல்லாவற்றையும் பெர்த்திலேயே முடிக்க வேண்டும். அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். பெர்த்தில் வேலையோ உறவோ இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

டிக்கெட்டில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊர் நேரம். சிட்னி கடிகாரம், பருவத்தைப் பொறுத்து, லண்டனைவிட 9 முதல் 11 மணி நேரம் முன்னால் ஓடும். அதைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால் போகும்போது பயணம் ஒன்றரை நாள்போலவும் திரும்பும்போது அரை நாள்போலவும் தெரியும். உண்மையில் திரும்பும் பயணம்தான் நீளம். மேற்கிலிருந்து வீசும் மேலைக்காற்று எதிரே அடிப்பதால் சிங்கப்பூர்–லண்டன் பகுதிக்கு ஒரு மணி நேரம் வரை கூடுதலாகும். மாறும் இடத்தில் ஐந்தாறு மணி காத்திருக்க வைக்கும் டிக்கெட்டோ இந்தக் கணக்கையெல்லாம் விழுங்கிவிடும். முதலில் அதைப் பாருங்கள்.