சால்மோனெல்லா, கேம்பிலோபேக்டர்: கறிக்கோழி ஷெட்டுக்குள்ள எது எந்த வழியா வருது

பல்லடம் பக்கம் எந்த ஷெட்டுல நின்னு பாத்தாலும் இந்த ரெண்டு கிருமியும் இருக்கறது தெரியாதுங்க, ஏன்னா பெரும்பாலும் கோழிக்கு ஒண்ணும் ஆகாது, நல்லா தீனி எடுக்கும், எடை ஏறும், சரியா வேகாத கறிய சாப்பிட்ட மனுசனுக்குத்தான் வயித்தால போகும். அதனாலயே ரெண்டையும் ஒண்ணா நெனச்சு, பேட்ச் முடிஞ்சதும் ஒரே மருந்த அடிச்சுட்டு விட்டுடறோம். ஆனா ரெண்டும் வர்ற வழியும் வேற, நாளும் வேற.

சால்மோனெல்லா குஞ்சோடயே வந்து இறங்கும். தாய்க்கோழிகிட்ட இருந்தா முட்டை வழியா ஹேச்சரிக்குப் போய், அங்க குஞ்சு பொரியறப்ப பறக்குற பஞ்சுத் தூசியில பக்கத்து குஞ்சுக்கெல்லாம் ஒட்டிக்கும். ஒருநாள் குஞ்சோட குடல்ல நல்ல கிருமி இன்னும் குடியேறல, கொஞ்சூண்டு உள்ள போனாலே போதும். 1973ல பின்லாந்துல நுர்மி, ரன்டாலான்னு ரெண்டு பேர் வளந்த கோழியோட குடல் கிருமிய குஞ்சுக்குக் குடுத்துப் பாத்தாங்க, சால்மோனெல்லாவுக்கு ஒட்ட இடமே கிடைக்கல. இன்னொரு தொல்லை, இது காஞ்சாலும் சாகாது, தூசி, தீவனம், எலிப்புழுக்கைன்னு மாசக்கணக்குல கிடந்து அடுத்த பேட்ச்சையும் பிடிக்கும்.

கேம்பிலோபேக்டர் அப்படியே தலைகீழ். காஞ்சா சீக்கிரம் செத்துரும், முதல் ரெண்டு வாரம் ஷெட்டுல பெரும்பாலும் இருக்காது. அதுக்கப்புறம் செருப்பு, ஈ, தண்ணின்னு ஏதாவது ஒண்ணுல உள்ள வந்து ஒரு கோழிக்கு ஒட்டிச்சுன்னா, ஒரு வாரத்துக்குள்ள கிட்டத்தட்ட மொத்த ஷெட்டும் போச்சு. கோழி உடம்பு சூடு 41, 42 டிகிரி, அதுதான் இதுக்குப் பிடிச்ச சூடு, கூடவே கோழி எச்சத்தையும் கொத்தித் திங்கும். டென்மார்க்ல ஷெட்டுக்கு ஈ வலை போட்டுப் பாத்தப்ப, பாதி ஷெட்டுக்கு மேல இருந்த கேம்பிலோபேக்டர் 15 சதவீதத்துக்கு வந்துச்சு. நம்ம ஊர் வெயிலுக்கு ரெண்டு பக்கமும் திறந்த ஷெட்டுல அவ்ளோ பொடி வலை போட்டா காத்து வராம கோழி செத்துரும், அது நமக்கு சரிப்படாது.

அடுப்படியில பாத்தா, சால்மோனெல்லா வெளிய வச்ச கறியில பெருகும், கேம்பிலோபேக்டர் பெருகாது, ஆனா சில நூறு உள்ள போனாலே ஆள சாச்சுரும். நல்லா வேக வச்சா ரெண்டும் சாகும், குழாயடியில கறிய அலசறப்ப தெறிக்கற தண்ணிதான் மோசம்.

பண்ணைக்காரன் கைல எது இருக்குன்னு கேட்டா, சால்மோனெல்லாவ தாய்க்கோழிப் பண்ணையும் ஹேச்சரியும்தான் மொதல்ல நிறுத்தணும், எலியப் பிடிக்கறது, தீவன மூட்டைய மூடி வைக்கறது தவிர நாம செய்யறது கம்மி. கேம்பிலோபேக்டர் நம்ம வாசல்லதான் நிக்குது. எங்க மாமா ஷெட் வாசல்ல குறுக்க ஒரு பலகை, இந்தப்பக்கம் வெளிச்செருப்பு, அந்தப்பக்கம் ஷெட் செருப்பு, முப்பது நாளும் அந்த ஒழுங்கு தப்பாது. லிஃப்டிங், அதாவது வளந்த கோழியப் பிடிச்சு வண்டியில ஏத்தற அன்னிக்கு ராத்திரி வண்டி வந்து நின்னதும், முந்துன பண்ணை எச்சம் ஈரமா ஒட்டுன கூண்டோட நாலு பேர் அந்தப் பலகையத் தாண்டி உள்ள போறாங்க, பாதிக் கோழிய எடுத்துட்டு மீதிய ரெண்டு நாள் கழிச்சு எடுக்கறேங்கறாங்க. நான் அந்தக் கூண்டக் கழுவிட்டு இறக்குங்கன்னுதான் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் கேட்டுட்டு இருக்கேன்.