ரோபோட்ரான் 2084: பல வருடம் ஆடிய பிறகு, யூஜின் ஜார்விஸுக்கு நன்றியோடு

அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் இருக்கும் ஸ்ட்ராங் விளையாட்டு அருங்காட்சியகம், 2025-ல் தன் உலக வீடியோ கேம் புகழரங்கில் டிஃபெண்டரைச் சேர்த்தது. செய்தியைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதை உருவாக்கிய யூஜின் ஜார்விஸின் இன்னொரு கேமைத்தான் நான் பல வருடமாக விடாமல் ஆடிக்கொண்டிருக்கிறேன். 1982-ல் காசு போட்டு ஆடும் ஆர்கேட் பெட்டியாக வந்த ரோபோட்ரான் 2084. இவ்வளவு காலம் ஆடியும் அது ஏன் அலுக்கவில்லை என்பதை எழுதி வைக்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

ஆடாதவர்களுக்குச் சுருக்கமாக: திரை முழுக்க ஒரே அறை. நடுவில் நீங்கள், சுற்றிலும் ரோபோக்கள். இடது ஜாய்ஸ்டிக் நடக்க, வலது ஜாய்ஸ்டிக் சுட. இரண்டுக்கும் எட்டு எட்டுத் திசை. சுடுவதற்கென்று பட்டனே கிடையாது. மேல்பக்கம் ஓடிக்கொண்டே கீழ்ப்பக்கம் சுடலாம். இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியும். அதற்கு முன் வந்த பெர்சர்க் போன்ற கேம்களில் நடக்கவும் சுடவும் ஒரே ஜாய்ஸ்டிக்தான் திசை காட்டியது. அந்தக் கட்டுப்பாடு ஜார்விஸுக்குப் பிடிக்கவில்லை. கூடவே ஒரு கார் விபத்தில் வலது கை உடைந்து, மாவுக்கட்டோடு வேலைக்கு வந்தார். அந்தக் கையால் பட்டனை அழுத்துவது கஷ்டம், ஆனால் ஜாய்ஸ்டிக்கைப் பிடிக்கலாம். அவரும் கூட்டாளி லாரி டிமாரும் இரண்டு அட்டாரி ஜாய்ஸ்டிக்குகளை ஒரு பலகையில் பொருத்தி ஆடிப் பார்த்தார்கள். ஸ்மாஷ் டிவி, ஜியோமெட்ரி வார்ஸ் என்று பின்னால் வந்த ஒரு பெரிய வரிசையே அந்தப் பலகையிலிருந்து கிளம்பியது.

ஆனால் என்னைப் பிடித்து வைத்திருப்பது சுடுவது அல்ல. அறைக்குள் மனிதர்களும் இருக்கிறார்கள்: அம்மா, அப்பா, மைக்கி என்ற பையன். மனித இனத்தின் கடைசிக் குடும்பம் அது. அவர்களைத் தொட்டால் காப்பாற்றியதாகக் கணக்கு. முதல் ஆளுக்கு 1,000 புள்ளி, அடுத்தவருக்கு 2,000, இப்படி 5,000 வரை ஏறும். நீங்கள் செத்தாலோ அடுத்த அலை, அதாவது அடுத்த சுற்று, தொடங்கினாலோ திரும்பவும் 1,000. உங்களை நோக்கி வரும் சாதாரண ரோபோவான கிரண்டைச் சுட்டால் வெறும் 100தான். அப்படியென்றால் கூட்டத்துக்குள் புகுந்து ஆளைத் தூக்குவதா, ஓரமாக நின்று சுட்டு உயிரைக் காப்பாற்றிக்கொள்வதா? ஒவ்வொரு நொடியும் இதே கேள்வி. ஹல்க் என்ற பச்சை ரோபோவை அழிக்கவே முடியாது, சுட்டால் சற்றுப் பின்னால் தள்ளலாம், அவ்வளவுதான். அது மிதித்தால் மனிதர்கள் சாவார்கள். ஓர் அம்மாவுக்கும் ஹல்குக்கும் நடுவில் போய் நின்று அதைத் தள்ளிக்கொண்டே இருப்பது, ஸ்கோரையே மறந்துவிட்டு நான் செய்யும் காரியம்.

ஐந்தாவது அலையில் பிரெய்ன் ரோபோக்கள் வரும். மனிதர்களைப் பிடித்து, உங்களைத் துரத்தும் எதிரிகளாக மாற்றிவிடும். அந்த அலையில் நிரலில் இருக்கும் ஒரு பிழையால் எல்லா பிரெய்ன்களும் மைக்கியையே குறிவைத்துப் போகும். அவனை எடுக்காமல் விட்டால் மற்றவர்களை நிதானமாகச் சேகரிக்கலாம். தேர்ந்த ஆட்டக்காரர்கள் இதை வழக்கமாகவே செய்கிறார்கள். எனக்கு மனசு வருவதில்லை, முதலில் மைக்கியிடம்தான் ஓடுகிறேன்.

நாள்பட ஆடியதில் காதும் பழகிவிட்டது. பின்னணி இசை இல்லை. எந்த எதிரி புதிதாக முளைத்தது, யார் பிடிபட்டார் என்பதைக் கண் பார்க்கும் முன்பே காது சொல்லிவிடுகிறது. இத்தனையும் ஓடுவது 1 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள மோட்டோரோலா 6809 சிப்பில். அது மட்டும் போதாது என்று, படங்களை வேகமாக நகர்த்துவதற்கென்றே தனி சிப் செய்து போட்டார்கள். திரை நிரம்பி வழிந்தும் ஆட்டம் திணறாமல் ஓடுவதற்கு அது முக்கியமான காரணம்.

குறைகளும் உண்டு. ஏழாவது அலையின் டாங்கிகள் சுடும் குண்டுகள் சுவரில் பட்டுத் திரும்பி வரும். அந்த அலை எனக்கு இன்றும் சுமைதான். சில சமயம் அலை தொடங்கும்போதே தப்பிக்க வழியில்லாத மாதிரி சூழ்ந்து நிற்பார்கள். வீட்டு கன்ட்ரோலரின் குட்டி ஸ்டிக்குகளில் நீண்ட நேரம் ஆடினால் கட்டை விரல் வலிக்கும், மூலைத் திசைகள் தவறும். அசல் பெட்டியின் முன் நின்று, இரண்டு கையும் முழுதாகப் பிடித்து ஆடியபோதுதான் இது கட்டை விரலுக்கான கேமே அல்ல என்பது புரிந்தது. மணிக்கட்டும் தோளும் சேர்ந்து ஆடுகின்றன. வசதி இருந்தால் இரட்டை ஜாய்ஸ்டிக் பலகை ஒன்று வாங்குங்கள். 1980-களில் அட்டாரி 5200 என்ற வீட்டு கேம் கருவிக்கு இந்த கேமை விற்றபோதுகூட, இரண்டு கன்ட்ரோலரையும் சேர்த்துப் பிடிக்க ஒரு தாங்கியைப் பெட்டியிலேயே வைத்துக் கொடுத்தார்கள்.

புகழரங்கம் டிஃபெண்டரைத் தேர்ந்தது சரியே. திரையைவிடப் பெரிய உலகம், மேலே அதன் சிறு வரைபடம், கடத்தப்படும் பத்து மனிதர்கள் என்று 1981-ல் அது பெரிய பாய்ச்சல். ஒரு லீவரும் ஐந்து பட்டனும் என் கைக்கு இன்னும் முழுதாக வசப்படவில்லை. அதன் ஸ்கோர் பட்டியலில் ஆரம்பத்திலேயே முதலிடத்தில் 21,270 புள்ளியோடு டிஆர்ஜே என்ற மூன்றெழுத்து இருக்கும். அது ஜார்விஸ்தான். அவரோடு டிஃபெண்டரில் வேலை செய்த சாம் டிக்கர், லாரி டிமார் ஆகியோரின் எழுத்துகளும் அதே பட்டியலில் உண்டு. டிமாரோடு சேர்ந்து விட் கிட்ஸ் என்ற சிறு நிறுவனம் தொடங்கித்தான் ஜார்விஸ் ரோபோட்ரானைச் செய்தார். அதனால் இந்தப் பாராட்டில் டிமாருக்கும் பாதி சேர வேண்டும் என்பேன்.

புதிதாக ஆட வருபவர்கள் ரோபோட்ரானில் தொடங்குங்கள். முதல் சில நாள் ஸ்கோரைப் பார்க்க வேண்டாம், யாரையாவது காப்பாற்றுங்கள். 25,000 புள்ளிக்கு ஓர் உயிர் கூடுதலாகக் கிடைக்கும். ஆட்களைத் தூக்கத் தொடங்கினால் அந்த எண் சீக்கிரமே வரும்.