அம்மோனைட் அறுக்க கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறை: எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கூடாது

கிருஷ்ணகிரிப் பாறை சுமார் 250 கோடி ஆண்டு பழையது, அதில் தொல்லுயிர் எச்சம் கிடைக்காது. ஆனால் அரியலூர், காரைப் பகுதிகளில் கிடைக்கும் அம்மோனைட்டை (அழிந்துபோன, சுருள் ஓடுள்ள கடல் உயிரின் தொல்லுயிர் எச்சம்) அறுக்க இங்குள்ள சிறிய கிரானைட் பட்டறை அருமையாக உதவுகிறது. புதிய பேரினம் (genus) என்று எழுத வெளித்தோற்றமும் சூச்சர் கோடும் (உள் தடுப்புச்சுவர் ஓட்டோடு சேரும் கோடு) மட்டும் சில சமயம் போதாது. அப்போது அம்மோனைட் ஓட்டினை நடுத்தளத்தில் பிளந்து, சைஃபங்கிள் (அறைகளை ஊடுருவிச் செல்லும் மெல்லிய குழாய்) எந்த ஓரமாக ஓடுகிறது, தடுப்புச்சுவர்கள் எவ்வளவு நெருக்கம், முதல் அறை எத்தனை பெரியது என்று பார்க்க வேண்டும்.

தண்ணீர் விட்டே அறுப்பதால் கல் சூடேறி வெடிப்பதில்லை. வெட்டு நேராக வருகிறது. உருண்டைக் கல் மேசையில் நிற்காது என்பதால் பிளாஸ்டர் கட்டியில் பதித்து, நடுக்கோட்டை மேலே வரைந்து கொடுப்பது நல்லது.

பெரிய குறை பிளேடின் தடிமன். ஒரு வெட்டில் ஏறக்குறைய 3 மி.மீ. கல் சேறாகப் போகிறது. முதல் அறை பெரும்பாலும் 1 மி.மீ.கூட இருக்காது, கோட்டின் மேலேயே ஓட்டினால் பார்க்க வேண்டியதெல்லாம் காலி. ஆகவே பிளேடின் உள்விளிம்பு நடுக்கோட்டிலிருந்து 2 மி.மீ. தள்ளி இருக்கட்டும். மீதியைக் கண்ணாடித் தட்டில் சிலிக்கான் கார்பைடு தேய்ப்புப் பொடி 220, 400, 800 என்று (எண் கூடக் கூடப் பொடி மெல்லியது) வரிசையாகப் போட்டுக் கையால் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு பொடிக்கும் இடையே நன்றாகக் கழுவாவிட்டால் தங்கிய ஒரு 220 மணியே முகம் முழுக்கக் கீறிவிடும். கடைசியில் நாலைந்து தேய்ப்புக்கு ஒருமுறை லென்ஸில் பார்த்து, முதல் அறை முழு அகலத்தில் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

அங்கே பாலிஷ் கேட்க வேண்டாம். மெழுகோ ரெசினோ ஏறிவிட்டால், வெட்டு முகத்தின் நுண் அமைப்பை அசிட்டேட் (மெல்லிய பிளாஸ்டிக்) தாளில் அச்செடுக்கும்முன் தடவும் 5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் கல்லைப் பிடிக்காது. களிமண் ஒட்டிய காரை மாதிரிகள் தண்ணீரில் உதிரும். அவற்றுக்கு முன்பே எபாக்சி ஊற்றி இறுக்கியாக வேண்டும்.

ஹோலோடைப் (புதிய இனத்தின் பெயருக்கு அடையாளமாக நிற்கும் ஒரே மாதிரி) ஆகப் போகும் மாதிரியை எந்தப் பட்டறைக்கும் கொடுக்கக் கூடாது. அறுப்பதற்கு அதே இனத்தின் வேறொரு மாதிரி போதும். அதையும் விவரம் தெளிவாகத் தெரிய அம்மோனியம் குளோரைடு வெண்பூச்சு பூசிப் படமெடுத்து, ரப்பர் அச்செடுத்த பிறகே அனுப்ப வேண்டும்.

இரண்டு பாதியிலும் முன்கூட்டியே ஒரே எண்ணை எழுதிவிடுங்கள். இரண்டும் வேண்டும் என்று பட்டறையில் சொல்லாவிட்டால் சின்னப் பாதி கழிவுக் குவியலுக்குப் போய்விடும்.